பெரட்டுக்கு முன் எட்டு வசனம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்பட்டணங்களில் ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் வருகிறவர்கள் நிறைய. திங்கள் முதல் சனி வரைதான் தடுமாற்றம். மாற்கு 12:30-ல் தேவனிடத்தில் அன்புகூர இயேசு கேட்பது முழு இருதயம், முழு ஆத்துமா, முழு மனம், முழு பலம். பலம் என்றால் வேலைக்குப் போகிற உடம்பும் சேர்த்திதான்.

காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்பும் நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னதாக எழும்புங்கள். அரை மணி நேரம் என்று தொடங்குகிறவர்கள் சீக்கிரமே விட்டுவிடுவார்கள். ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவருக்குத் தூக்கமும் வேண்டுமே. சங்கீதம் 119-ஐ எடுங்கள். 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள். நாளுக்கு ஒரு பகுதி, வாய்விட்டு, நிதானமாக. கைப்பேசியில் திறந்தால் வாட்ஸ்அப் முந்திக்கொள்ளும். வேதாகமத்தையும் மூக்குக்கண்ணாடியையும் முந்தின இரவே மேசைமேல் வைத்துவிடுங்கள். வாசித்ததில் ஒரு வசனத்தை மட்டும் மோட்டாரில் போகும்போது முணுமுணுத்துக்கொண்டே போங்கள்.

வேலையிடத்துக்கு கொலோசெயர் 3:23: எதையும் மனுஷருக்கென்று அல்ல, கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்வது. செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை விழுந்ததும் உதிரிப்பழம் சிதறும். புல்லுக்குள் ஓடியதை மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) பார்க்கப்போவதில்லை. அதைக் குனிந்து பொறுக்குவதும் ஆராதனைதான். ரப்பர் மரத்தில் கத்தியை ஆழ விட்டால் அன்றைக்குப் பால் கூடக் கிடைக்கும், ஆனால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்டவே முடியாது. யாரும் பார்க்காத இடத்தில் கத்தி எவ்வளவு ஆழம் போகிறது என்பதில் நம் பக்தி தெரிந்துவிடும்.

இரவு குடும்ப ஜெபத்துக்குப் பதினைந்து நிமிஷம் போதும். சாப்பாட்டுக்கு முன் வையுங்கள். சாப்பிட்டபின் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். கீர்த்தனையில் இரண்டு சரணம், மாற்கு சுவிசேஷத்தில் அரை அதிகாரம். 16 அதிகாரம்தான், ஒரு மாதத்தில் முடிந்துவிடும். மலாய்ப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் வெட்கப்படுத்தாதீர்கள். அம்மா வாசிக்கட்டும், பிள்ளை ஒரு வசனத்தைத் திருப்பிச் சொல்லட்டும். பிறகு ஆளுக்கு ஒரு நிமிஷம் ஜெபம்.

பல வீடுகளில் கெட்டுப்போவது இங்கேதான். "ஆண்டவரே, இந்தப் பையனுக்குப் புத்தியைக் கொடும், பரீட்சையில் இவன் செய்ததை நீர் அறிவீர்" என்று அப்பா ஆரம்பித்தால், பையன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது ஜெபமல்ல, திட்டு. கண்டிக்க வேண்டியதை முன்னமே நேரில் கண்டித்துவிடுங்கள். ஜெபத்தில் அவனுக்காக நன்றி சொல்லுங்கள்.

சம்பள நாளில் இரண்டு உறை: ஒன்றில் காணிக்கை, மற்றதில் மளிகைக்கடை பாக்கி. இரண்டும் அன்றைக்கே.

ஒரு நாள் தவறினால் மறுநாள் பதினாறு வசனம் வாசித்து ஈடுகட்டாதீர்கள், பாரமாகிவிடும். விட்ட இடத்திலிருந்து எட்டே எட்டு. மழை பெய்து பால்வெட்டு நின்றுபோகிற காலையில்தான் அதிகம் தவறும், எழும்ப அவசரமில்லாததால். அன்றைக்குப் பசியாற உட்காரும்போது, கோப்பி ஆறுவதற்குள் வாசித்துவிடுங்கள்.