பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) ரப்பர் ஆகாமல் வேக வைப்பது எப்படி? பழகாத கறியை முதல்முறை சமைப்பவர்களுக்கு

ரியாத்தில் இருந்தபோது நான் முதன்முதலாகச் சாப்பிட்ட பழகாத கறி ஒட்டகம். ரூமில் இருந்த காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணன்) ஒருவர் ஹாஷி என்று சொல்லி 2 கிலோ வாங்கி வந்தார், ஹாஷி என்றால் இளம் ஒட்டகம். ஆட்டுக்கறி மாதிரி முக்கால் மணி நேரம் வேக வைத்தோம். மெல்லவே முடியவில்லை. கறி சரியில்லை என்று சட்டியை இறக்கிவிட்டோம். பக்கத்து ரூம் ஏமன்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் வேகவில்லை, திரும்ப ஏற்றுங்கள் என்றார். சின்னத் தீயில் மேலும் இரண்டு மணி நேரம் கிடந்த பிறகு அதே கறி எலும்பை விட்டுக் கழன்று வந்தது.

கீழக்கரைக்குத் திரும்பி வந்து பேய்க்கணவாய் சமைக்கப் போனபோது அதே தப்பை மறுபடி செய்தேன். இருபது நிமிடத்தில் ரப்பராக இருந்தது, ரொம்ப வெந்துவிட்டது என்று நினைத்து இறக்கினேன். வேகாமல் இருந்ததுதான் உண்மை. மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எதை வாங்கக் கூடாது

பழகாத கறி என்றதும் நம் பக்கத்தில் சிலருக்கு முயல், கௌதாரி, உடும்பு என்றுதான் மனசு போகும். காட்டில் பிடித்தது எதுவும் வேண்டாம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை வேட்டையாடுவது குற்றம். கடலுக்கும் அதே சட்டம்தான்: ஆவுளியா என்கிற கடல்பசு, கடலாமை, கடல் அட்டை எல்லாம் அதில் வரும். ஆவுளியாவைப் பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. என் உம்மம்மா ஆவுளியாக் கறியின் ருசியைச் சொல்லியிருக்கிறார்கள், அந்தக் காலத்தில் ஊருக்குள் வந்திருக்கிறது. எனக்கு அந்த ஆசை கொஞ்சமும் இல்லை. கடல் புல்லை மேய்ந்து வாழும் சீவன், சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி போடும், அதைப் போய் எப்படி வெட்டித் தின்பது? பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தார்கள், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. தீவுப் பக்கம் பிடித்தது என்று யாராவது பெருமையாகக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள்.

பறவைக் கறி ருசி வேண்டும் என்றால் பண்ணைக் காடை இருக்கிறது. 5 வாரத்தில் வளர்ந்துவிடும் ஜப்பானியக் காடை, ஒன்று ஏறக்குறைய 200 கிராம். அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

இன்னொன்று, பேத்தை மீன் (பஃபர் ஃபிஷ்). வலையில் வந்தால் நம் ஆட்கள் கடலிலேயே எறிந்துவிடுவார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. அதன் விஷம் எவ்வளவு வேக வைத்தாலும் போகாது. உடம்பில் நீல வளையம் உள்ள சின்னப் பேய்க்கணவாயிலும் அதே விஷம்தான், அது கடித்தாலே ஆபத்து. நீல வளையம் கண்ணில் பட்டால் கையால் தொடவே வேண்டாம்.

வாங்குவது

எட்டுக் கால், ஓடு கிடையாது, தலை ஒரு பை மாதிரி: அதுதான் பேய்க்கணவாய். ஊசிக் கணவாயும் (ஸ்க்விட்) ஓட்டுக் கணவாயும் (கட்டில்ஃபிஷ்) வேறு. நான் ராமேஸ்வரம் பக்கத்தில் உள்ள மண்டபம் என்ற ஊருக்குப் போய் வாங்குகிறேன். விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. அதனால் விசைப்படகு கரைக்கு வரும் காலையைக் கேட்டு வைத்துக்கொண்டு போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போது அலைய வேண்டாம். நல்ல சரக்கு பெரும்பாலும் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போய்விடும், முன்கூட்டியே சொல்லி வைத்தால் ஒன்றிரண்டு எடுத்து வைப்பார்கள்.

கண் தெளிவாக இருக்க வேண்டும், கடல் வாடைதான் வர வேண்டும், மூக்கைச் சுண்டும் காரவாடை வந்தால் விட்டுவிடுங்கள். 4 பேருக்கு 1 கிலோ வாங்குங்கள். வெந்ததும் பாதியாகச் சுருங்கிவிடும்.

சுத்தம் செய்வது

மீன் கழுவத் தெரிந்தவர்களுக்கு இதில் பெரிய வேலை இல்லை. தலைப்பையை உள்பக்கம் வெளியே வருவதுபோல் திருப்பி, ஒட்டிக்கொண்டிருக்கும் நரம்பைக் கத்தரித்துக் குடலையும் மைப்பையையும் ஒன்றாக எடுங்கள். கண் இருக்கும் பகுதியை வெட்டி எறியுங்கள். கால்கள் சேரும் இடத்தின் நடுவில் கிளி மூக்கு மாதிரி ஒன்று இருக்கும், அடியிலிருந்து விரலால் தள்ளினால் வெளியே வந்துவிடும். இதற்குக் கத்தியைவிடக் கத்தரிக்கோல்தான் நல்லது, கத்தி வழுக்கும்.

அப்புறம் கல் உப்பு. ஒரு கை அள்ளிப் போட்டு, துணி துவைப்பது மாதிரி நன்றாகக் கசக்குங்கள். நுரை நுரையாக வழுவழுப்பு வெளியே வரும். கால்களில் உள்ள ஒவ்வொரு உறிஞ்சியிலும் மணல் இருக்கும், விரல் விட்டுத் தேயுங்கள். நுரை நிற்கும்வரை மூன்று நான்கு தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள், உப்பு மிச்சமில்லாமல் போகட்டும்.

ஒரு நாள் ஐஸ்பெட்டியில்

இதைச் சொன்னால் எங்கள் வீட்டிலேயே யாரும் ஏற்கவில்லை. கடற்கரையில் பிறந்தவர்களுக்கு ஐஸ் வைத்த மீன் என்றாலே இளக்காரம்தான். நானும் அப்படித்தான் இருந்தேன், மற்ற மீனுக்கு இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் பேய்க்கணவாயைச் சுத்தம் செய்து, ஃப்ரீசரில் 24 மணி நேரம் வைத்து, பிறகு கீழ்த் தட்டில் வைத்து மெதுவாக இளக்கினால் சதை கண்டிப்பாக மென்மையாகிறது. உறையும்போது உள்ளே உள்ள நீர் ஐஸ் துகளாகிச் சதையின் நாரைக் கிழித்துவிடும். கிரீஸ் நாட்டுத் தீவுகளில் மீனவர்கள் இதைப் பாறையில் அடித்து அடித்துப் பதப்படுத்துவார்கள், அந்த வேலையை ஃப்ரீசர் செய்துவிடுகிறது.

வேக வைப்பது: நான் தவறிய இடம்

சட்டியில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்பும் போடாதீர்கள்.

அடி கனமான சட்டி, மண்சட்டி இருந்தால் ரொம்ப நல்லது. கணவாயை முழுசாக வைத்து, நாலு பல் பூண்டு, கொஞ்சம் மிளகு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை போட்டு மூடி, அடுப்பை இருப்பதிலேயே சின்னத் தீயில் வையுங்கள். பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் அது தன் தண்ணீரைத் தானே விட்டு, செம்பழுப்பு நீரில் மிதந்துகொண்டிருக்கும். அந்தத் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது, கடலில் கிடந்த உடம்பல்லவா. முதல் தடவை நான் அரை லிட்டர் தண்ணீரும் உப்பும் சேர்த்துவிட்டு, ருசி முழுவதும் தண்ணீரில் போய், வாயில் வைக்க முடியாத உப்போடு கொட்டினேன்.

இனிமேல் கொதிக்க விடக் கூடாது. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்தால் போதும். 20-வது நிமிடத்தில் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள், இறக்கிவிடாதீர்கள். சதையைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்ற பொருள் சூடு பட்டதும் முதலில் சுருங்கி இறுகும், நெடுநேரம் சூட்டில் கிடந்தால்தான் கரைந்து ஜெலட்டின் ஆகும். ஆட்டுக்கால் பாயா குடித்தால் உதடு ஒட்டுகிறதே, அது இதுதான். ஒட்டகத்துக்கும் இதே கணக்கு. சின்ன ஊசிக் கணவாயை இரண்டு நிமிடத்தில் எடுத்தால் மென்மையாக இருக்கும், அதைத் தவறவிட்டால் அரை மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டும், நடுவில் எப்போது எடுத்தாலும் ரப்பர். பேய்க்கணவாய்க்கு அந்த இரண்டு நிமிட வழியும் கிடையாது.

1 கிலோவுக்கு 45 நிமிடம் முதல் 1 மணி நேரம் ஆகும். கடிகாரத்தை நம்புவதைவிட ஈர்க்கை நம்புங்கள். விளக்குமாற்றுக்கு எடுக்காத சுத்தமான தென்னை ஈர்க்கு ஒன்றைக் காலின் மிகத் தடித்த இடத்தில் குத்துங்கள், வெந்த உருளைக்கிழங்கில் இறங்குவது மாதிரி இறங்கினால் அடுப்பை அணைக்கலாம். உடனே வெளியே எடுக்காமல் அந்தச் சாற்றிலேயே அரை மணி நேரம் ஆற விடுங்கள், இல்லையென்றால் தோல் உரிந்து வந்துவிடும்.

குக்கர் வேண்டாமா என்று கேட்பீர்கள். எனக்குப் பிடிக்கவில்லை. விசிலை எண்ணிக்கொண்டு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் நிற்க வேண்டும், ஒரு விசில் கூடினால் தோலும் உறிஞ்சியும் கூழாகிவிடும்.

சுக்கா

இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் சோம்பு, கறிவேப்பிலை, ஒரு கை சின்ன வெங்காயம், கிள்ளிய முண்டு மிளகாய் ஆறு. முண்டு மிளகாய் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்த மிளகாய், நீள மிளகாயில் அந்த மணம் வராது. வெங்காயம் சிவந்ததும் தீயைக் கூட்டி, கணவாயைப் போட்டு, வெந்த சாறு இரண்டு கரண்டி விட்டு 4 நிமிடம் பிரட்டுங்கள். கடைசியில் இடித்த மிளகு. உப்பு பார்த்துவிட்டு மட்டும் போடுங்கள். இடியாப்பத்தோடு சாப்பிட்டால் அருமையாக இருக்கும்.

பிறகு சேர்த்தது 1: ஒரு மணி நேரமாகியும் வேகவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இருவரும் 2 கிலோவுக்கு மேல் உள்ள பெரிய உருப்படி வாங்கியிருக்கிறார்கள். அதற்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம், ஈர்க்கு இறங்கும்வரை காத்திருங்கள். அதில் ஒருவருடைய கேஸ் அடுப்பில் சின்னத் தீயே பெரிதாக இருந்திருக்கிறது. சட்டிக்கு அடியில் பழைய தோசைக்கல்லை வையுங்கள்.

பிறகு சேர்த்தது 2: இது கூடுமா, அதாவது மார்க்கப்படி சாப்பிடலாமா என்று ஒரு ராத்தா (அக்கா) கேட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹப் (இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஒன்று), அதில் கடல் உயிர்கள் பெரும்பாலும் கூடும். ஹனஃபியில் மீன் மட்டும்தான். உங்கள் வீட்டு வழி எதுவோ அதைப் பின்பற்றுங்கள், விருந்தாளியை அழைத்தால் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். வெளிநாட்டில் அறுப்பு எப்படி என்று தெரியாத ஊரில் எனக்குக் கை கொடுத்தது கடல் சாப்பாடுதான்.

பிறகு சேர்த்தது 3: வெளியூரில் பழகாத கறியைச் சாப்பிடுவது பற்றிக் கேட்டவர்களுக்கு: ஒரு தட்டு வாங்கி நாலு பேர் பகிருங்கள், பண்ணையில் வளர்த்ததா காட்டில் பிடித்ததா என்று கேளுங்கள், காட்டு விலங்கு என்றால் அந்த நாட்டில் அதற்கு அனுமதி இருந்தாலும் அரைவேக்காட்டில் சாப்பிடாதீர்கள், ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம்.

மிஞ்சிய செம்பழுப்புச் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு தேங்காய்ப்பால் சேர்த்து, உப்பில்லாமல் அரிசி போட்டு வேக விடுங்கள். என் பிள்ளைகள் சுக்காவைத் தள்ளி வைத்துவிட்டு அந்தச் சோற்றைத்தான் இரண்டாம் தடவை கேட்கிறார்கள்.