கட்டளைவரியில் பிழைச்செய்தி வராத பிழைகள்

லினக்ஸ் கட்டளைவரியில் தரவுக் கோப்பை ‘சார்ட்’ கட்டளை கொண்டு வரிசைப்படுத்தி, விடையை ‘>’ குறியால் அதே கோப்பில் எழுதச் சொன்னால் கோப்பு காலியாகிவிடும். கட்டளை தொடங்கும் முன்பே ‘>’ குறிக்கு வலப்புறம் உள்ள கோப்பை, கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான ஷெல் திறந்து 0 பைட்டாக்கிவிடுகிறது. பிறகு படிக்க வரும் ‘சார்ட்’டுக்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. முனையத்தில் ஒரு எச்சரிக்கைகூட வராது. இதற்கென்றே ‘சார்ட்’டில் ‘-ஓ’ விருப்பம் இருக்கிறது. மற்ற கட்டளைகளுக்குத் தற்காலிகக் கோப்பில் எழுதி, சரிபார்த்த பின் பெயர் மாற்றுங்கள். மூலத் தரவுக்கு முதல் நாளே ‘சிமாட் 444’ போட்டு எழுதும் உரிமையை எடுத்துவிடுவது நல்லது. அது ‘>’ குறியைத் தடுக்கும். கோப்பை நீக்கும் ‘ஆர்எம் -எஃப்’பைத் தடுக்காது, ஏனென்றால் நீக்கும் உரிமை கோப்புறையைச் சார்ந்தது. ஆகவே வேறொரு வட்டில் ஒரு நகல் இருந்தே ஆக வேண்டும்.

ஆய்வு முடிவுகளை அதிகம் கெடுப்பது குழாய்த்தொடர்தான். ஒன்றின் விடை அடுத்ததற்குப் போகும்படி பல கட்டளைகளை ‘|’ குறியால் இணைத்தால், கடைசிக் கட்டளையின் வெற்றி தோல்வியை மட்டுமே ஷெல் கணக்கில் கொள்ளும். பதிவிறக்கம் பாதியில் அறுந்த, ஜிசிப் முறையில் சுருக்கிய கோப்பை விரித்து, அடுத்த கட்டளையில் சராசரி காண்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விரிக்கும் கட்டளை நடுவில் தோற்கும். சராசரிக் கட்டளையோ வந்தவரை கணக்கிட்டு வெற்றி என்று முடிக்கும். இரவில் தானாக ஓடும் நிரல் என்றால், பாதித் தரவின் சராசரி அப்படியே அட்டவணைக்குப் போய்ச் சேரும். பேஷ் (பரவலான ஒரு ஷெல்) நிரலின் தொடக்கத்தில் ‘செட் -இ’, ‘செட் -ஓ பைப்ஃபெயில்’ இரண்டையும் எழுதுங்கள். முதலாவது கட்டளை தோற்றால் நிரலை நிறுத்தும்; இரண்டாவது தொடரில் எது தோற்றாலும் தோல்வியாகக் கொள்ளும். அப்போது வேறொன்றைக் கவனிக்க வேண்டும்: தேடிய சொல் கிடைக்காவிட்டால் ‘கிரெப்’ தோல்வியைக் குறிக்கும் 1 என்ற நிலையைத் திருப்பும், நிரல் அங்கேயே நின்றுவிடும். கிடைக்காமல் போவது இயல்பான இடங்களில் அதைத் தனியாகக் கையாளுங்கள்.

‘சார்ட்’ தானாக எண் மதிப்பைப் பார்ப்பதில்லை. எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதால் அதற்கு 100 முன்னால், 9 பின்னால். ‘-என்’ சேர்த்தால் சரியாகும். ஆனால் பத்தின் அடுக்கோடு அறிவியல் முறையில் எழுதிய எண்களுக்கு ‘-ஜி’ தேவை; ‘-என்’ அடுக்கைப் படிக்காது. இரட்டைப் பதிவுகளை நீக்கும் ‘யுனிக்’ அடுத்தடுத்த வரிகளை மட்டுமே ஒப்பிடும். எனவே வரிசைப்படுத்தாத பட்டியலில் இரட்டைப் பதிவுகள் தப்பிவிடும். காற்புள்ளியால் பிரித்த கோப்பில் மேற்கோள் குறிக்குள்ளும் காற்புள்ளி இருந்தால் ‘கட்’ கட்டளை நெடுவரிசையைத் தவறாக வெட்டும். அங்கே பைத்தான் மொழியின் சிஎஸ்வி தொகுதியே பொருத்தம்.

தமிழ் உரைத் தரவில் எண்ணிக்கைக் கட்டளையான ‘டபிள்யூசி -சி’ எழுத்துகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. யுடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் (எழுத்துக்கோ உயிர்க்குறிக்கோ கணினி தரும் எண்) 3 பைட். ‘-எம்’ குறியெண்களைத் தரும். அதிலும் ‘கி’ என்பது, ‘க’வும் இகரக் குறியும் தனித்தனி என்பதால், 2 ஆகவே வரும். எதை எண்ணினீர்கள் என்பதை ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.

ஆய்வேட்டை அச்சுக்கோக்கும் லேடெக் மென்பொருளிலும் மௌனப் பிழை உண்டு. எழுத்துருவில் இல்லாத எழுத்தை, லேடெக்கின் ஒரு வகையான ஸீலேடெக் விட்டுவிட்டு, பிடிஎஃப்பை முடித்துத் தந்துவிடும். பதிவுக் கோப்பில் ‘மிஸ்ஸிங் கேரக்டர்’ என்று தேடிப் பாருங்கள். மற்றொரு வகையான லுவாலேடெக்கில் தமிழ் ஒற்றைக்கொம்பு இடம் மாறித் தெரிந்தால், எழுத்துரு அமைப்பில் ரெண்டரரை (எழுத்துகளை வரிசைப்படி அமைக்கும் பகுதி) ஹார்ஃப்பஸ் என மாற்றுங்கள். மேற்கோள் இடத்தில் கேள்விக்குறி நின்றால் லேடெக், நூற்பட்டியல் நிரலான பிப்டெக், மீண்டும் லேடெக் இரு முறை என ஓட்ட வேண்டும். ‘லேடெக்எம்கே’ இதைத் தானே செய்யும்.

கோப்பு மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்தில் பெரிய தரவுக் கோப்பைச் சேர்த்துவிட்டுப் பிறகு நீக்கினாலும், அது வரலாற்றில் தங்கி ஒவ்வொரு நகலையும் கனக்கச் செய்யும். 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை, கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் ஏற்காது. தரவுக் கோப்புறையை, கிட் சேர்க்கக் கூடாதவற்றைப் பட்டியலிடும் ‘.கிட்இக்னோர்’ கோப்பில் முதல் பதிவுக்கு முன்பே சேர்த்துவிடுங்கள்.