அப்பா வீட்டை அம்மா பெயருக்கு மாற்றினோம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால்மரம் (ரப்பர்) சீவிய காசில் அப்பா வாங்கிய வீடு. உயில் இல்லை. வழக்கறிஞர் கேட்ட தொகையைப் புரட்ட எங்களால் முடியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது: நிலமுள்ள, உயிலில்லாத சொத்து 50 லட்சம் மலேசிய வெள்ளிக்குள் இருந்தால் (2024க்கு முன் 20 லட்சம்) பூசாக்கா கெச்சில் (சிறு சொத்துப் பங்கீட்டு) அலுவலகத்தில் நாமே மனு கொடுக்கலாம்.

போராங் ஏ (மனுப் படிவம்), இறப்புச் சான்றிதழ், கெரான் (நிலப்பட்டா) நகல், எல்லாருடைய ஐசி (அடையாள அட்டை) நகல்கள் கொடுத்தோம். கட்டணம் சொற்பம்தான்.

சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மீதி. அந்த அலுவலகத்தில் நடக்கும் விசாரணைக்கு முன்பே அண்ணன், தங்கச்சியோடு உட்கார்ந்து பேசிவிட்டேன். இதுதான் முக்கியம், வீட்டிலேயே பேசி முடியுங்கள். அதிகாரி கேட்டபோது மூவரும் எங்கள் பங்கை அம்மாவுக்கே விட்டுக்கொடுத்தோம். அம்மா அங்கேயே அழுதுவிட்டார்.