பேஸ்போல் ஆட்டத்தைக் கொப்பியில் எழுதுவது எப்படி

முற்றவெளியில் கிரிக்கெட் ஸ்கோர் எழுதிப் பழகிய கைக்கு இது கடினமில்லை. முதலில் களத்தில் நிற்கும் ஒவ்வொரு இடத்துக்குமான இலக்கங்களைப் பாடமாக்குங்கள். பந்து வீசுபவர் 1, அவருக்கெதிரே பந்தைப் பிடிப்பவர் 2, முதல் தளத்தில் (ஓடுபவர் தொட வேண்டிய இடம்) நிற்பவர் 3, இரண்டாம் தளம் 4, மூன்றாம் தளம் 5, இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையில் நிற்கும் ஷோர்ட்ஸ்டொப் 6. வெளிக்களத்தில், அடிப்பவரின் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷோர்ட்ஸ்டொப் பந்தை எடுத்து முதல் தளத்துக்கு எறிந்து ஆளை வெளியேற்றினால் 6-3. சரி, அவ்வளவுதான்.

பெடியளுக்கு நான் சொல்லும் உதாரணம், 1947இல் கலமசூவில் நடந்த அமெரிக்கக் கல்லூரிகளின் முதலாவது உலகத் தொடர். இறுதியில் கலிபோர்னியா பல்கலைக்கழகம் யேல் பல்கலைக்கழகத்தை 17-4, 8-7 என்ற ஓட்டக் கணக்கில் இரண்டு ஆட்டங்களிலும் வென்றது. யேலின் 3ஆம் இலக்கக்காரர், அதாவது முதல் தளத்தில் நின்றவர், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான மூத்த புஷ்! அந்த 8-7ஐ நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

பென்சிலால்தான் எழுதுங்கள். நல்ல அடியா, களத்தடுப்பாளரின் பிழையா என்ற தீர்ப்பு பிறகு மாறலாம்.