தண்ணீர் பட்டாலே எரியும் முகம்: தோலரணைச் சீராக்கும் வழி

பல மாதங்களாகப் பூசிவந்த கிரீம் ஒருநாள் திடீரென்று எரியத் தொடங்கினால், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை வாங்குவோம். அதுவும் எரிந்தால் மூன்றாவதற்குப் போவோம். நானும் அப்படித்தான் போனேன். காலையில் வைட்டமின் சி, இரவில் சாலிசிலிக் அமிலம், ஞாயிற்றுக்கிழமை ஸ்கிரப் என்று ஆறு வாரம் ஓடிய பிறகு, ஒருநாள் வெறுந்தண்ணீர் பட்டதுமே மூக்கின் இருபுற மடிப்புகளும் மிளகாய்த்தூள் பட்டதுபோல் எரிந்தன. கண்ணாடியில் கன்னம் பளபளத்தது. எண்ணெய் வடியும் பளபளப்பாக இல்லாமல், இழுத்துக் கட்டிய பாலித்தீன் தாளின் மினுக்காக இருந்தது. முகம் எண்ணெய் வழிந்துகொண்டே உள்ளுக்குள் இறுகிப் பிடிப்பதும், உதட்டோரம் மெல்லிய செதிலாக உரிவதும், வெயிலில் நின்றால் சட்டென்று சிவப்பதும் தோலரண் குலைந்ததற்கான அடையாளங்கள்.

அந்த அரண் என்பது மேல்தோலின் ஆக வெளிப்புறப் படலம். முகத்தில் அதன் பருமன் ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. பீட்டர் எலையஸ் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் அதைச் செங்கல் சுவருக்கு ஒப்பிட்டார்: இறந்த தட்டையான உயிரணுக்கள் செங்கற்கள், அவற்றின் இடையே நிற்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்று கொழுப்புகளும் சேர்ந்த பூச்சே காரை. காரை உதிர்ந்த இடத்தில் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் போகிறது, வெளியிலிருக்கும் சோப்பும் வாசனைப்பொருளும் உள்ளே இறங்குகின்றன. வறட்சியும் எரிச்சலும் சேர்ந்தே வருவது இதனால்தான். நல்ல செய்தி என்னவென்றால், காரை உதிர்ந்ததை உணர்ந்ததுமே தோல் தானாகப் புதிய காரையைச் சுரக்கத் தொடங்கிவிடும். அதற்கு வழிவிடுவதுதான் நம் வேலையில் முக்கால் பங்கு.

ஆகவே முதல் படி நிறுத்துவது. ரெட்டினால் (வைட்டமின் ஏ வகைப் பூச்சு), அமிலங்கள், வைட்டமின் சி, ஸ்கிரப், டோனர், முகத்தை உரிக்கும் பீல், ஆவி பிடித்தல், நூல் வைத்து முடி எடுத்தல் எல்லாவற்றையும் குறைந்தது நான்கு வாரங்களுக்கு ஒதுக்கி வையுங்கள். அடுக்களைப் பொருள்களும் இந்தப் பட்டியலில் அடங்கும். புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பிஎச் கணக்கில் 7 நடுநிலை; அதற்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு, மேலே ஏற ஏறக் காரம். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் அளவு ஏறத்தாழ 2. ஆப்பசோடா காரத்தன்மை கொண்டது. தோல் விரும்புவதோ 5-ஐ ஒட்டிய இலேசான புளிப்பு. இயற்கையானது என்பதால் ஒரு பொருள் மென்மையாகிவிடாது. பயத்தம் மாவுகூட, நலமாக இருக்கும் முகத்துக்கு ஏற்றதே தவிர, புண்பட்ட முகத்தில் தேய்த்தால் உப்புத்தாள் வேலையைச் செய்யும்.

அடுத்தது கழுவுதல். சாதாரணக் குளியல் சோப்பின் பிஎச் 9 முதல் 10 வரை இருக்கும். அதில் முகம் கழுவிய பிறகு தோல் தன் புளிப்புத்தன்மைக்குத் திரும்பச் சில மணி நேரம் ஆகும். வீட்டில் வருவது ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர் என்றால் சிக்கல் இரட்டிப்பாகிறது; அந்த நீரிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து, வாளி விளிம்பில் படியும் அதே வெள்ளைப் பொருக்காகத் தோலிலும் ஒட்டிக்கொள்கிறது. நுரை குறைந்த, மணம் சேர்க்காத, சோப்பு அல்லாத கிளென்சரை இரவில் ஒருமுறை மட்டும் பயன்படுத்துங்கள். காலையில் தண்ணீரே போதும். வெந்நீர் வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

ஒற்றிய முகம் முழுதாய்க் காயுமுன், இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் மாய்ஸ்சரைசர் பூச வேண்டும். வாங்கும்போது கிளிசரின் இருக்கிறதா, செராமைடு இருக்கிறதா, மணம் இல்லாமல் இருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். செராமைடு என்ற ஒரு சொல்லை மட்டும் பெரிதாக அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். எலையஸின் குழுவினர் செய்த சோதனைகளில், குலைந்த தோலில் மூன்று கொழுப்புகளில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் பூசியபோது சீராவது தாமதமானது, மூன்றையும் சேர்த்துப் பூசியபோது அந்தத் தாமதம் இல்லை. எனவே கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும் சேர்ந்த கிரீம் கிடைத்தால் அதையே எடுங்கள். யூரியா கலந்தவை வெடித்த தோலில் எரியும். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கிய கிரீம் ஏறத்தாழ அரை கிராம். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து அதைப்போல் இரண்டரை மடங்கு வேண்டும். பெரும்பாலோர் இதில் பாதியைக்கூடப் பூசுவதில்லை.

உரிந்து எரியும் இடங்களில் மட்டும், இரவில், அந்தக் கிரீமின் மேல் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிய படலமாகத் தடவலாம். ஈரம் ஆவியாவதைத் தடுப்பதில் அந்த மலிவுப் பொருளுக்கு இணையானது மிகச் சிலவே. ஆனால் சென்னையின் சித்திரை மாதப் புழுக்கத்தில் பகலில் முகம் முழுக்கப் பூசினால் வேர்க்குருவும் சேர்ந்துகொள்ளும். எண்ணெய்களைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். ஆலிவ் எண்ணெயில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலம் காரையையே கலைத்துவிடக்கூடியது; அதைத் தவிர்த்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் கைகால்களின் வறண்ட தோலுக்கு நன்றாகவே உதவுகிறது. பரு வரும் முகத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பகலில் குடையும் தொப்பியும் முதல் காவல். சன்ஸ்கிரீன் எரிந்தால், துத்தநாக ஆக்சைடு மட்டும் உள்ள வகைக்கு மாறுங்கள்; முகம் சற்று வெளிறித் தெரிந்தால் தெரியட்டும். ஏசி அறையில் எட்டு மணி நேரம் உட்காருபவர்கள் மதியம் ஒருமுறை மாய்ஸ்சரைசரைத் திரும்பப் பூசுவது நல்லது.

எரிச்சல் பெரும்பாலும் சில நாள்களில் அடங்கத் தொடங்கும். அப்போதுதான் கை துறுதுறுக்கும், தயவுசெய்து பொறுங்கள். எரிச்சல் நின்றுவிட்டதால் சுவர் எழும்பிவிட்டதாகப் பொருளில்லை. மேல்தோல் முழுதும் புதுப்பிக்கப்பட ஏறத்தாழ நான்கு வாரங்களாவது ஆகும். அதன்பின் பழைய பொருள்களில் ஒன்றை மட்டும், காதுக்குப் பின்னால் மூன்று நாள் சோதித்த பிறகு, வாரத்துக்கு இரண்டு இரவுகள் என்று தொடங்கலாம். அடுத்ததைச் சேர்க்க இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

மேலே சொன்னது எதுவும் பொருந்தாத ஒரு நிலையும் உண்டு. முகம் வெளுக்க வேண்டும் என்று மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய கிரீமின் டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற பெயர் இருந்தால், அது ஸ்டீராய்டு, அதாவது தோலின் சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் மருந்து. அதை மாதக்கணக்கில் பூசிய முகம் மெலிந்து, சிவப்பு இரத்தநாளக் கோடுகள் தெரிய, பூசுவதை நிறுத்திய சில நாள்களில் முன்னைவிடக் கொடுமையாகப் பொங்கும். பொங்குகிறதே என்று மீண்டும் அதையே பூசுவதுதான் அந்தக் கிரீமின் பொறி. இதை வீட்டு வைத்தியத்தால் அவிழ்க்க முடியாது, தோல் மருத்துவர் வேண்டும். நீர் வடிந்து மஞ்சள் பொருக்குக் கட்டினாலும், இமை வீங்கினாலும், நான்கு வாரத்தில் மாற்றமே இல்லையென்றாலும் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது இதுவரை பூசிய எல்லா டியூப்களையும், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பெயர் அழிந்த டப்பா உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.