காட்டுக்குள்ள மாட்டிக்கிட்ட சின்ன ஹீரோ: தைரியத்தையும் விசுவாசத்தையும் எழுதும்போது பண்ணக்கூடாத தப்புகள்

காட்டு சாகசக் கதை எழுத ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் ஹீரோவ அறிமுகப்படுத்துற பக்கத்துலயே "அவனுக்கு பயம்னா என்னன்னே தெரியாது, நண்பனுக்காக உயிரையே கொடுப்பான்"னு எழுதிடுறாங்க. பாதி கதை அந்த ஒரு வரியிலயே செத்துடுது. புலி வந்தாலும் பயப்பட மாட்டான், நண்பன் ஆத்துல விழுந்தா குதிச்சுடுவான், எல்லாத்தையும் முன்னாடியே சொல்லியாச்சு, அப்புறம் படிக்கிற பிள்ளை எதுக்கு பக்கத்த திருப்பணும்? மத்த எல்லா தப்புக்கும் வேர் இதுதான்னு நான் நெனைக்கிறேன். தைரியத்தையும் விசுவாசத்தையும் ஹீரோ பொறக்கும்போதே கொண்டு வந்த குணமா எழுதுறாங்க. வாசகனுக்கு அது தெரியுறது ஒரே இடத்துலதான், அவன் ஒரு முடிவெடுத்து அதுக்கு ஏதாவது ஒன்ன இழக்குற இடத்துல.

பயத்துலேருந்தே ஆரம்பிப்போம். 14 வயசு பொண்ணு ஒருத்தி ராத்திரி காட்டுல மாட்டிக்கிட்டா, கூட சின்னத் தம்பி, பக்கத்துல எங்கயோ ஏதோ உறுமுது, அப்போ "அவள் சிறிதும் அஞ்சாமல் நிமிர்ந்து நின்றாள்"னு எழுதினா யார் நம்புவா? பயம் வந்தா உடம்பு என்ன பண்ணும்னு கொஞ்சம் யோசிங்க. வாய் வறண்டு போகும், இதயம் காதுக்குள்ளயே அடிக்கிற மாதிரி கேக்கும், காலெல்லாம் ஓடத் தயாரா துடிக்கும், ஆனா விரல் நுனியில செய்யுற நுணுக்கமான வேலை மட்டும் கைக்கு வராது. அதனால தீக்குச்சி கிழிக்கிற சாதாரண வேலைதான் அந்த நேரத்துல பெரிய சோதனை. பெட்டியில நாலு குச்சி இருக்குன்னு வைங்க. மொத குச்சி ரொம்ப அழுத்தினதுல உடைஞ்சுடுது, ரெண்டாவது நழுவி ஈர மண்ணுல விழுந்துடுது. மூணாவத எடுக்கிறதுக்கு முன்னாடி அவ பெட்டிய ரெண்டு முழங்காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு, வலது மணிக்கட்ட இடது கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, தம்பிகிட்ட "நேத்து பாதியில விட்ட கதைய சொல்லட்டுமா"ன்னு கேக்குறா, குரல் நடுங்குறது அவனுக்கு தெரியக்கூடாதுன்னு வேணும்னே மெதுவா பேசுறா. இந்த சீன்ல தைரியம்ங்கிற வார்த்தையும் இல்ல, பாசம்ங்கிற வார்த்தையும் இல்ல, ஆனா ரெண்டுமே இருக்கு.

இன்னொண்ணு, நடுக்கம் பல சமயம் ஆபத்து முடிஞ்சப்புறம்தான் வரும். அந்த நிமிஷத்துல எல்லாத்தையும் சரியா செஞ்சவன் ஒரு மணி நேரம் கழிச்சு உக்காந்து அழுவான், வாந்தி கூட எடுப்பான், அத எழுத தயங்காதீங்க.

அடுத்தது முட்டாள்தனத்த தைரியம்னு எழுதுறது. "அஞ்சுவது அஞ்சாமை பேதைமை"ன்னு குறள் சொல்லி எவ்வளவு காலம் ஆச்சு, ஆனாலும் நம்ம கதைகள்ல பையன் இன்னும் பொங்கி வர்ற வெள்ளத்துல குதிச்சுக்கிட்டேதான் இருக்கான். வேகமா ஓடுற தண்ணி முழங்கால் அளவு இருந்தாலே வளர்ந்த ஆளோட கால வாரி விட்டுடும். மலையில நடக்கிறவங்க ஆத்துல எறங்குறதுக்கு முன்னாடி முதுகுப்பையோட இடுப்பு பெல்ட்ட கழட்டி விட்டுடுவாங்க, தவறி விழுந்தா பை இழுத்துட்டு போகாம உடனே உதறிடலாம்னு. பனி உருகி வர்ற ஓடையா இருந்தா சாயங்காலம் வரைக்கும் ஏறுன தண்ணி விடியக்காலையில கொறஞ்சிருக்கும், அதனால ராத்திரி முழுக்க இந்தக் கரையிலயே காத்திருப்பாங்க. இந்த காத்திருப்புல எவ்வளவு கதை இருக்குன்னு பாருங்க! எதிர்க்கரையில நண்பன் காலு உடைஞ்சு கெடக்கான், கூப்பிடுறான், இவனுக்கு நீச்சல் தெரியும், ஆனா இப்போ எறங்கினா ரெண்டு பேரும் காலின்னும் தெரியும். எறங்காம இருக்கிறதுக்குத்தான் இங்க நெஞ்சுரம் வேணும். கரடியும் அப்படித்தான், பழுப்புக் கரடி மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர் வேகத்துல ஓடும், எந்தப் பையனும் அத ஓடி ஜெயிக்க முடியாது, கத்திய எடுத்துக்கிட்டு மல்லுக்கட்டவும் முடியாது. முதுகு காட்டாம மெல்ல மெல்ல பின்னாடி நகர்றது, ஓடணும்னு துடிக்கிற கால ஓடவிடாம புடிச்சு வைக்கிறது, அத மட்டும் ஒரு பக்கம் எழுதினா போதும், படிக்கிறவன் மூச்சு விடமாட்டான்.

விசுவாசத்துல அதிகமா நடக்குற தப்பு, அத வசனத்துல வைக்கிறது. "உன்ன விட்டுட்டு போகமாட்டேன்டா"ன்னு ஒரு டயலாக், கண்ணுல தண்ணி, முடிஞ்சுது. அந்த டயலாக்க எடுத்துட்டுப் பார்த்தா கதையில விசுவாசத்துக்கு ஆதாரமே இருக்காது. 2023 மே 1ஆம் தேதி கொலம்பியாவோட அமேசான் காட்டுல ஒரு குட்டி விமானம் விழுந்துச்சு. அதுல இருந்த பெரியவங்க மூணு பேரும் இறந்துட்டாங்க, நாலு பிள்ளைங்க மட்டும் 40 நாள் கழிச்சு ஜூன் 9ஆம் தேதி உயிரோட கிடைச்சாங்க. மூத்தவளுக்கு 13 வயசு, கடைசிக் குழந்தைக்கு விபத்து நடந்தப்போ 11 மாசம். விமானத்துல இருந்த மரவள்ளி மாவ வச்சு சமாளிச்சிருக்காங்க, அது தீர்ந்தப்புறம் காட்டுல கிடைச்ச பழமும் விதையும். 11 மாசக் குழந்தைய வச்சுக்கிட்டு 40 நாள்னா என்னன்னு யோசிங்க. தூக்கிட்டே நடக்கணும், மழையில நனையாம பாத்துக்கணும், அழுதா சமாதானப்படுத்தணும், தன் பசிய அப்புறம் பாத்துக்கணும், மறுநாளும் இதே. வசனம் பேச அங்க நேரமே இருந்திருக்காது. உங்க ஹீரோவோட விசுவாசத்தையும் இந்த மாதிரி திரும்பத் திரும்ப செய்யுற அலுத்துப்போன சின்ன வேலைகள்ல வைங்க. கடைசி வாய் தண்ணிய தான் குடிச்சிட்ட மாதிரி நடிச்சு பாட்டில நீட்டுறது, கொப்புளம் வெடிச்ச கால காட்டாம நடைய கொறைக்காம நடக்கிறது, இதெல்லாம்தான் மனசுல நிக்கும்.

இங்கயே இன்னொரு விஷயமும் இருக்கு. அந்தக் கொலம்பியா பிள்ளைங்கள்ல மூத்த பொண்ணுக்கு காட்டுல எத தின்னலாம் எத தின்னக்கூடாதுன்னு தெரிஞ்சிருந்துச்சு, பூர்வகுடி குடும்பத்துப் பிள்ளை, பாட்டி சொல்லிக்கொடுத்த அறிவுன்னு உறவுக்காரங்க சொன்னாங்க. 1971 டிசம்பர் 24ஆம் தேதி பெரு நாட்டுல விமானம் நடுவானத்துல சிதறி, சுமார் 3 கிலோமீட்டர் உயரத்துலேருந்து விழுந்து பொழச்ச யூலியானே கோப்கேவுக்கு அப்போ 17 வயசு. கண்ணாடி தொலைஞ்சுபோச்சு, ஒரு கால்ல மட்டும்தான் செருப்பு, கையில புழு வெச்ச காயம். அவங்க 11 நாள் தாக்குப்பிடிச்சதுக்கு காரணம் ஓடைய புடிச்சுக்கிட்டே கீழ போனா மனுஷங்க இருக்கிற இடம் வரும்னு அப்பா சொல்லிக்கொடுத்திருந்தது. ஹீரோவுக்கு தைரியத்த மட்டும் கொடுத்துட்டு அறிவ கொடுக்காம காட்டுக்கு அனுப்பாதீங்க. அந்த அறிவு யார்கிட்டேருந்து வந்துச்சுங்கிறதுலயும் ஒரு பாசம் இருக்கு, அதையும் சேத்து எழுதினா கதை இன்னும் ஆழமாகும்.

பாம்புக்கடி சீன் பத்தி மட்டும் தனியா சொல்லியே ஆகணும். நண்பன பாம்பு கடிச்சதும் ஹீரோ கத்தியால கீறி வாய வெச்சு விஷத்த உறிஞ்சி துப்புறான், எல்லாரும் கண் கலங்குறாங்க. கீறுறது தப்பு, உறிஞ்சுறது தப்பு, கயித்தால இறுக்கிக் கட்டுறதும் தப்பு. செய்ய வேண்டியது கடிபட்ட கை கால அசையாம வச்சு, ஆள பதட்டப்படுத்தாம, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் விஷமுறிவு மருந்து கிடைக்கிற ஆஸ்பத்திரிக்கு கொண்டு போறது. கதைய படிக்கிற பிள்ளைங்க நெஜத்துல இத செஞ்சு பாக்க வாய்ப்பிருக்கு, அதனால இது வெறும் லாஜிக் ஓட்டை மட்டும் கிடையாது. சரியா எழுதினாலும் சீன் பலவீனமாகாது, நண்பன நடக்கவிடாம தூக்கிட்டு போகணும், வழியெல்லாம் அவன அமைதியா வச்சுக்க தன் பயத்த முழுங்கணும், அத விட என்ன வேணும்.

இப்போ எனக்கு ரொம்ப முக்கியம்னு படுற தப்பு. தைரியமும் விசுவாசமும் எப்பவும் ஒரே பக்கம் இழுக்குற மாதிரியே கதைய அமைச்சுடுறாங்க. நண்பன் ஆபத்துல இருக்கான், காப்பாத்தணும், காப்பாத்துறான், அதுல யோசிக்க என்ன இருக்கு? ரெண்டும் எதிரெதிரா இழுக்கணும். 1972 அக்டோபர் 13ஆம் தேதி ஆண்டீஸ் மலையில உருகுவே ரக்பி டீம் போன விமானம் விழுந்து, 72 நாள் கழிச்சு 16 பேர் பொழச்சாங்க. அவங்க பொழச்சது பாராடோ, கனேசான்னு ரெண்டு பேர் மத்தவங்கள அங்கயே விட்டுட்டு மலைய தாண்டி கிட்டத்தட்ட 10 நாள் நடந்து போய் ஆள் கண்டுபிடிச்சதாலதான். கனேசாவுக்கு அப்போ 19 வயசு. கிளம்பும்போது அவங்க மூணு பேர். நெனச்சத விட தூரம் அதிகம், சாப்பாடு பத்தாதுன்னு தெரிஞ்சதும் மூணாவது ஆள் விசின்டின் தன் பங்கு சாப்பாட்ட மத்த ரெண்டு பேருக்கும் கொடுத்துட்டு திரும்பிப் போயிட்டாரு. விட்டுட்டு போனவங்க, பாதியில திரும்பினவர், அந்த உடைஞ்ச விமானத்துல காத்திருந்தவங்க, இதுல யார் விசுவாசமானவங்க யார் இல்லன்னு பிரிச்சு சொல்ல முடியுமா? உங்க கதையிலயும் ஹீரோ அடிபட்ட தோழிய தனியா விட்டுட்டு உதவி தேடி போக வேண்டிய ஒரு ராத்திரி இருக்கட்டும். அவ "போகாத"ன்னு சொல்லட்டும். இவன் போகட்டும். போற வழியெல்லாம் அந்தக் குரல் அவன அரிக்கட்டும், சரியான முடிவுதான்னு அவனுக்கே கடைசி வரைக்கும் தெரிய வேணாம்.

விசுவாசம்னா சொன்னத கேக்குறதுன்னு எடுத்துக்கிறதும் இதோட சேந்ததுதான். கூட்டத்துக்கு தலைவனா இருக்கிற அண்ணன் தப்பான பக்கம் கூட்டிட்டு போறான், தம்பிக்கு தெரியுது, ஆனா "அண்ணன் பேச்ச தட்டமாட்டேன்"னு பின்னாடியே போறான், எழுதினவர் அத பெருமையா எழுதுறாரு. எல்லை மீறும்போது முன்னாடி போய் இடிச்சு சொல்றதுக்குத்தான் நட்புன்னு வள்ளுவரே சொல்லியாச்சு. ஒரு பையனுக்கு கரடி முன்னாடி நிக்கிறத விட தனக்கு பிடிச்ச அண்ணன் முன்னாடி நின்னு "நீ சொல்றது தப்புண்ணே, வெளிச்சம் வர்ற வரைக்கும் இங்கயே இருப்போம்"னு சொல்றதுதான் கஷ்டம்.

சின்னச் சின்னதா இன்னும் சில. நாய் இருந்தா அது விசுவாசமாத்தான் இருக்கும்னு விட்டுடாதீங்க, அந்த நாய் இவன நம்ப ஆரம்பிச்ச ஒரு நாள கதையில காட்டுங்க, அப்புறம் அழவைக்கணும்ங்கிறதுக்காக மட்டும் அத கொல்லாதீங்க. பிள்ளைங்கள ஒசத்திக்காட்ட கூட இருக்கிற பெரியவங்கள எல்லாம் மடையனாக்க வேணாம். அப்புறம் குளிர், பையன் உறையுற தண்ணியில நீந்தி நண்பன காப்பாத்துவான், அடுத்த பாராவுல ரெண்டு பேரும் ஈரத் துணியோட உக்காந்து சிரிச்சு பேசிட்டு இருப்பாங்க. உடம்பு சூடு 35 டிகிரி செல்சியஸுக்கு கீழ போனாலே ஆபத்து, பேச்சு குழறும், முடிவெடுக்கிற புத்தி மழுங்கும், நடுக்கம் தானா நின்னுபோச்சுன்னா நெலம மோசமாகுதுன்னு அர்த்தம். ஈரத்த கழட்டணும், காய்ஞ்சத போத்தணும், சூடு ஏத்தணும், செஞ்ச தைரியத்துக்கு உடம்பு கேக்குற விலை அது, அத தள்ளுபடி பண்ணாதீங்க.

கடைசி அத்தியாயத்துல மெடல், மாலை, கைத்தட்டல்னு முடிக்கிறதையும் விட்டுடுங்க. காட்டுலேருந்து வெளிய வந்தவுடனே எல்லாம் சரியாகிடாது. தனியா விட்டுட்டு போனதுக்கு அந்தத் தோழிக்கு இன்னும் கோவம் இருக்கலாம், உயிர் பொழச்சதே இவன் போனதாலதான்னு தெரிஞ்சும் கோவம் இருக்கலாம். அவ ஆஸ்பத்திரி கட்டில்ல மொகத்த திருப்பிக்கிறா, இவன் விளக்கம் எதுவும் சொல்லாம பக்கத்து ஸ்டூல்ல உக்காந்திருக்கான், மறுநாளும் வர்றான். அங்க நிறுத்தினா போதும், அவ மன்னிச்சாளா இல்லையான்னு படிக்கிற பிள்ளைங்க தங்களுக்குள்ள சண்டை போட்டுக்கட்டும்.