சிராப்பா, சீனியா, தூக்கமா? ஏடிஎச்டி பிள்ளையின் சாப்பாட்டை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் வழி

தைப்பூசத்தன்று பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்தால் பந்தலுக்குப் பந்தல் நிறுத்தி சிவப்பு சிராப், ஆரஞ்சு, பச்சை என்று எதையாவது கையில் திணித்துவிடுவார்கள், வேண்டாம் என்றால் சாமி காரியம் என்பார்கள். என் பையனுக்கு அப்போது ஏழு வயது. நாலாவது கிளாஸைக் குடித்துவிட்டுச் சாலையோரத் தடுப்புக் கம்பியில் ஏறி நின்றான். "பார்த்தியா, சீனி ஏறிடுச்சு" என்றார் என் மாமியார். நானும் நம்பினேன், அதற்குப் பிறகு ரொம்ப நாள் வீட்டில் சீனி டப்பாவுக்குப் பூட்டுப் போடாத குறைதான். அன்றைக்கு அவன் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்தவன், ஒழுங்காகப் பசியாறவில்லை, நான்கு மணி நேரமாக உறுமி மேளச் சத்தத்தில் நின்றான் என்பதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளை ஆடினால் கையில் இருக்கும் கிளாஸ்தான் கண்ணுக்குத் தெரியும்.

சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் மாற்றியது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, எதை வாங்க வேண்டும் என்று சொல்லத்தான் நூறு பேர் வருகிறார்கள். அதனால் நான் செய்து பார்த்த முறையை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏடிஎச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காமல், உடம்பும் ஓயாமல் இருப்பது, மூளை வளரும் விதத்தில் இருக்கும் வேறுபாடு, பெரும்பாலும் பரம்பரையாக வருவது. நீங்கள் கொடுத்த மீ கோரேங்காலும் வரவில்லை, நீங்கள் அடிக்காமல் வளர்த்ததாலும் வரவில்லை. சாப்பாட்டால் குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். இன்னும் டாக்டரிடமே காட்டவில்லை என்றால் அதுதான் முதல் வேலை: அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் காட்டினால் அங்கிருந்து மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார்கள். காத்திருக்க வேண்டிவரும், அந்த நேரத்தை வீணாக்காமல் ஒரு நோட்டு வாங்கிவிடுங்கள்.

நோட்டில் என்ன எழுதுவது? பிள்ளையின் "எல்லாச் சேட்டையும்" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. மூன்றே மூன்றைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் வீட்டில், வீட்டுப்பாடத்துக்கு உட்கார்ந்தால் எத்தனை தடவை எழுந்து போகிறான், ஒரு நாளில் எத்தனை தடவை கத்தி அழுகிறான், காலையில் பள்ளி வேன் வருவதற்குள் எத்தனை தடவை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும், "இன்றைக்குப் பரவாயில்லை" என்பது எண் அல்ல. எதையும் மாற்றாமல் இரண்டு வாரம் சும்மா எழுதுங்கள். இந்த இரண்டு வாரத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம், கை பரபரக்கும். ஆனால் இது இல்லாவிட்டால் பிறகு எதோடு ஒப்பிடுவீர்கள்? அதற்கப்புறம் ஒரே ஒரு மாற்றம், மூன்று வாரம். மீன் எண்ணெயும் ஆரம்பித்து, கலர் தண்ணீரையும் நிறுத்தி, சிலம்ப வகுப்பிலும் சேர்த்தால், பையன் தேறினாலும் எதனால் என்று கடைசிவரை தெரியாது.

இன்னொன்று, இதுதான் முக்கியம்: என்ன மாற்றினீர்கள், எப்போது மாற்றினீர்கள் என்று தெரியாத ஒருவரின் கண் வேண்டும். எனக்கு அது வகுப்பாசிரியை. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவருக்கு ஏது நேரம், அதனால் வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு எண் அனுப்பச் சொன்னேன், அமைதியான வாரம் 0, தாங்கவே முடியாத வாரம் 10. ஏன் கேட்கிறேன் என்று சொன்னேன், எந்த வாரம் என்ன மாற்றினேன் என்று சொல்லவில்லை.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், அம்மாவின் கண் பொய் சொல்லும். 1994-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். சீனி தின்றால் என் பையன் ஆடுவான் என்று சொன்ன அம்மாக்களைக் கூப்பிட்டார்கள், பையன்களுக்கு ஐந்திலிருந்து ஏழு வயது. எல்லாப் பையன்களுக்கும் கொடுத்தது சீனியே இல்லாத, செயற்கை இனிப்பு போட்ட பானம். பாதி அம்மாக்களிடம் மட்டும் நிறைய சீனி கொடுத்திருக்கிறோம் என்றார்கள். அந்த அம்மாக்கள்தான் பையன் அதிகம் ஆடுவதாக எழுதினார்கள், அவன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு, அதிகமாகக் குறையும் சொன்னார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தைப்பூசம்தான் நினைவுக்கு வந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் சீனிக்கும் ஆட்டத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. சீனியைக் குறையுங்கள், பல்லுக்காக, உடம்பு எடைக்காக. ஏடிஎச்டிக்காக அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கலர் விஷயம் வேறு. 2007-இல் இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனில் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோவேட் என்ற கெடாமல் வைக்கும் பொருளும் கலந்த பானத்தையும், பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் பானத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கலர் கலந்ததைக் குடித்தபோது துறுதுறுப்பு சராசரியாகக் கொஞ்சம் கூடியது. அவர்கள் ஏடிஎச்டி பிள்ளைகளும் அல்ல, சாதாரணப் பிள்ளைகள், அதிலும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. அதன் பிறகு 2010-இலிருந்து ஐரோப்பாவில் ஆறு நிறங்களில் எது சேர்ந்தாலும் பிள்ளைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்று பொட்டலத்தில் எச்சரிக்கை போட வேண்டும். டார்ட்ரசின் என்ற இ102, இ104, இ110, இ122, இ124, இ129. இந்த எண்களைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், இறக்குமதிச் சாமான்களில் உதவும். உள்ளூர்ப் பொட்டலத்தில் பல நேரம் "மெங்கண்டுங்கி பெவார்னா யாங் டிபெனார்க்கான்", அதாவது அனுமதிக்கப்பட்ட நிறம் உள்ளது, என்று மட்டும் போட்டிருக்கும், எந்த நிறம் என்று இருக்காது. அந்த வரி இருந்தால் மூன்று வாரத்துக்கு வேண்டாம் என்று வைத்துக்கொள்வதுதான் சுலபம். சிராப், ஐஸ் காச்சாங்கின் மேல் ஊற்றும் சாறு, ஜெல்லி, கலர் மிட்டாய், கடையில் விற்கும் லட்டு, கேசரி, இவ்வளவுதான் பெரும்பாலும். பள்ளிக் கேண்டீன்தான் தலைவலி. சண்டை போடாமல் தண்ணீர்ப் போத்தலோடு ரெண்டு வெள்ளியைக் குறைத்துக் கொடுத்து அனுப்பினேன், ஓரளவுக்கு வேலை செய்தது.

பசியாறலைப் பற்றி ஆராய்ச்சி தேடி அலைய வேண்டாம், பசித்த பிள்ளை எந்தப் பிள்ளையும் நிற்காது. ஆனால் மெத்தில்பெனிடேட் என்ற ஏடிஎச்டி மருந்து சாப்பிடும் பிள்ளைக்குப் பல நேரம் மதியம் பசி செத்துவிடும், அதனால் காலையில் மாத்திரைக்கு முன்பே வயிறு நிரம்ப வேண்டும், ராத்திரி எட்டு மணிக்கு மறுபடி பசிக்கும்போது திட்டாமல் கொடுக்க வேண்டும். ரொட்டித் துண்டும் மைலோவும் பத்து மணிக்குள் கரைந்துவிடும். முட்டை, நெத்திலி போட்ட நாசி லெமாக், தோசைக்குத் தண்ணீர் மாதிரி இல்லாமல் பருப்புத் தெரிகிற சாம்பார், அவித்த கொண்டைக்கடலை. ஆறு மணிக்கு எழுந்து தோசை ஊற்ற என்னால் முடியாது என்றால் முதல் நாள் ராத்திரியே நாலு முட்டை அவித்து வைத்துவிடுங்கள், நான் அப்படித்தான்.

மீன் எண்ணெய்க்கு ஆதாரம் இருக்கிறது, சின்ன ஆதாரம். 2011-இல் பத்து ஆய்வுகளைச் சேர்த்து, 699 பிள்ளைகளின் விவரத்தைப் பார்த்தபோது ஒமேகா 3 கொஞ்சம் உதவுவதாகத் தெரிந்தது, அதிலும் இபிஏ என்ற ஒமேகா 3 வகை அதிகம் உள்ளது. மருந்தின் பலன் இதைவிட நன்றாகவே அதிகம். விலை உயர்ந்த போத்தல் வாங்குவதற்கு முன் பசாரில் கெம்போங் மீனையும் மத்தியையும் பாருங்கள், வாரம் இரண்டு மூன்று நாள் குழம்பு வைத்தாலே நல்லது. மாத்திரையாகவே கொடுப்பதானால் இதற்கு மட்டும் மூன்று வாரம் போதாது, மூன்று மாதம் வையுங்கள்.

இரும்புச்சத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், ரத்தப் பரிசோதனை இல்லாமல். ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் அளவு) குறைவாக இருக்கும் சில பிள்ளைகளுக்கு இரும்பு கொடுத்தால் கவனமும் தூக்கமும் தேறலாம், மரக்கறி மட்டும் சாப்பிடும் வீடுகளில் இதை டாக்டரிடம் கேட்பது நியாயம். ஆனால் மலேசியாவில் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறின் மரபணுவைச் சுமக்கும் கேரியர்கள் நிறைய, அவர்களுக்கு ஹீமோகுளோபின் குறைவாகத் தெரியலாம், இரும்பு குறைவாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரும்பு மாத்திரை அளவுக்கு மீறினால் சின்னப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. சாப்பிட்ட உடனே தே தாரிக் கொடுக்கும் பழக்கத்தை நிறுத்தலாம், டீ இரும்பைச் சேரவிடாது, அதற்கு டாக்டர் தேவையில்லை.

அப்புறம் வல்லாரை. துவையலாக அரையுங்கள், பசாரில் பெகாகா என்று கட்டுக்கட்டாகக் கிடைக்கும், நல்ல கீரை. ஏடிஎச்டிக்கு மருந்தாகும் என்று நிரூபணம் இல்லை. கீரை வேறு, டப்பாவில் வரும் பொடி வேறு. ஒருமுறை ஞாபக சக்திக்கு என்று ஒருவர் கொடுத்த பொடியை நம்பி டாக்டரிடம் கேட்காமலேயே பையனின் மாத்திரையை நிறுத்தினேன். ஆறு வாரத்தில் பள்ளியிலிருந்து மூன்று கடிதம், பையன் தன்னையே முட்டாள் என்று திட்டிக்கொள்ள ஆரம்பித்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. பிறகுதான் படித்தேன், 2004-இல் பாஸ்டன் பக்கத்துக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஈயம் பிள்ளைகளின் கவனத்தையே கெடுக்கும் பொருள். கவனத்துக்கு என்று வாங்கிக் கவனத்தைக் கெடுப்பதா? டப்பாவில் MAL என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராமும் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள், பதிவு எண் இருப்பதால் ஏடிஎச்டிக்கு வேலை செய்யும் என்று அர்த்தமில்லை.

கோதுமை வேண்டாம், பால் வேண்டாம் என்பதற்கு ஏடிஎச்டியில் நல்ல ஆதாரம் இல்லை. அரிசி, சில இறைச்சி, சில காய்கறி, பேரிக்காய், தண்ணீர் என்று ஐந்து வாரம் மட்டும் கொடுத்துப் பார்க்கும் ஒரு முறை நெதர்லாந்தில் 2011-இல் நல்ல பலன் காட்டியது, ஆனால் கொடுத்தவர்களுக்கு யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெரியும். ஏற்கெனவே மருந்தால் இளைத்த பிள்ளையிடம் இதை வீட்டில் முயலவே கூடாது, டயட்டீசியன் கூடவே இருக்க வேண்டும்.

சாப்பாட்டை விட்டு வெளியே வருகிறேன், ஏனென்றால் எங்கள் நோட்டில் எண் மாறியது இங்கேதான். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். பள்ளி வேன் ஆறரைக்கு வந்தால் ஐந்தே முக்காலுக்கு எழுந்தாக வேண்டும், அப்படியானால் எட்டே முக்காலுக்கே தூங்கியிருக்க வேண்டும். டியூஷன் முடிந்து, குளித்து, சாப்பிட்டு, கைப்பேசி பார்த்து, எங்கள் வீட்டில் பதினொன்று ஆகிக்கொண்டிருந்தது. தூங்காத பெரியவர் சோர்ந்து உட்காருவார், தூங்காத பிள்ளை ஆடும். நாங்கள் ஒரு டியூஷனை நிறுத்தினோம் (அதற்கு நடந்த சண்டை தனிக் கதை), எட்டு மணிக்கு எல்லாருடைய கைப்பேசியும் சமையலறை அலமாரிக்குள், என்னுடையதும்தான். பிள்ளை குறட்டை விட்டாலோ, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலோ டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், டான்சிலும் அடினாய்டும் பெரிதாகித் தூக்கத்தைக் கெடுத்தால் பகலில் பார்க்க ஏடிஎச்டி மாதிரியே இருக்கும்.

ஓடவும் விடுங்கள். 2009-இல் வந்த ஒரு ஆய்வில் பூங்காவில் இருபது நிமிடம் நடந்த ஏடிஎச்டி பிள்ளைகள், ஊருக்குள் நடந்தபோதைவிட நன்றாகக் கவனித்தார்கள். பூமலையும் (தாவரவியல் பூங்கா) யூத் பார்க்கும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, காசும் இல்லை. சனிக்கிழமை காலை தண்ணீர்மலைக் கோயிலின் ஐந்நூற்றுச் சொச்சம் படிகளை ஏறி இறங்கிவிட்டு வீட்டுப்பாடத்தில் உட்காரவைப்பேன், ஏறும்போது என் மூச்சுதான் வாங்குகிறது.

எங்கள் நோட்டு சொன்னது இதுதான்: கலர் நிறுத்திய மூன்று வாரம் ஆசிரியையின் எண் 7-இலிருந்து 6-க்கு வந்தது, அது தற்செயலாகவும் இருக்கலாம். தூக்கத்தை மாற்றிய மூன்று வாரம் 6-இலிருந்து 4. மாத்திரை எல்லா நாளும் அப்படியே. உங்கள் நோட்டில் வேறு மாதிரி வரலாம், அதற்குத்தான் நோட்டு. அடுத்த தவணைக்கு அதை அப்படியே டாக்டரிடம் நீட்டுங்கள், எடை, உயரம், பசி, தூக்கம் நான்கையும் முன்பக்கத்தில் எழுதி. என் மாமியார் தன் பங்குக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார், எல்லா நாளுக்கும் ஒரே காரணம்: சீனி. அதையும் கிழிக்காமல் கொண்டுபோனேன், டாக்டர் படித்துவிட்டுச் சிரித்தார், பையனுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். பெவார்னா இருக்கிறதா என்று நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.